கருப்பையில் சீழ்: ஏழு வயதுப் பெண் நாய்க்கு அறுவை தவிர வேறு வழி உண்டா?

இரண்டாங்கட்டு (கானாடுகாத்தான்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஏழு வயது நிரம்பிய பெண் நாய் ஒன்று இருக்கிறது. தாய் ராஜபாளையம், தகப்பன் நாட்டு நாய், எடை ஏறத்தாழ 25 கிலோ. இதுவரை குட்டி போட்டதில்லை, கருத்தடையும் செய்யவில்லை. கடைசியாகப் பருவத்துக்கு வந்து ஓய்ந்து ஒன்றரை மாதம் இருக்கும். அந்த நாட்களில் வளவுக் கதவைச் சாத்தியே வைத்திருந்ததால் ஆண் நாய் எதுவும் உள்ளே வந்திருக்க வாய்ப்பில்லை.

சில நாட்களாக அது தண்ணீரை விட்டு நகர்வதே இல்லை. முற்றத்துக் கல்தொட்டியில் காலையில் நிரப்பும் தண்ணீர் மதியத்துக்குள் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. வெளியே போய்ப் பழகிய நாய், இப்போது இரவில் பட்டாலையின் ஆத்தங்குடிக் கல் தரையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. இரண்டு முறை மஞ்சள் நிறத்தில் நுரை நுரையாக வாந்தி எடுத்தது. பக்கத்து ஊரில் மாடுகளுக்கு ஊசி போடும் ஒருவர் வந்து பார்த்து, இது உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லி ஊசியும் மாத்திரையும் கொடுத்தார். சற்றுத் தெளிந்ததுபோல் இருந்து, பிறகு முன்னைவிட மோசமாகச் சுருண்டு படுத்துவிட்டது. காரைக்குடியில் ஒரு மருத்துவரிடம் கொண்டு போனபோது, அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம், ஸ்கேன் எடுத்து உறுதியானால் உடனே கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார்.

வீட்டில் என் அப்பத்தாவும் நானும் மட்டுமே இருக்கிறோம். மற்றவர்கள் எல்லோரும் வெளியூர். வயதான நாயின் வயிற்றைக் கிழிப்பது பாவம், மாத்திரையிலேயே பார்க்கச் சொல் என்று அப்பத்தா ஒரே பிடிவாதமாக நிற்கிறார். ஒரு தடவையாவது குட்டி போட விட்டிருந்தால் இந்த நோய் வந்திருக்காது என்பது அவருடைய இன்னொரு வாதம். எனக்குள்ள குழப்பம் வேறு: பிறப்புறுப்பிலிருந்து ஒரு சொட்டுச் சீழோ இரத்தமோ வரவில்லை, துர்நாற்றமும் இல்லை. அப்படியிருக்க, உள்ளே சீழ் இருக்கிறது என்பதை எப்படி நம்புவது? மருந்தால் குணமாகும் வாய்ப்பு உண்டா? இந்த வயதில் அறுவையைத் தாங்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தேவகோட்டை) எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. இங்கே வரும் பதில்களுக்காகக் காத்திருக்காமல் ஸ்கேனை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மீதியை அதற்குப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். கருத்தடை செய்யாத நடுத்தர வயது, பருவம் முடிந்து ஒன்றரை மாதம், அளவு மீறிய தாகம் ஆகிய மூன்றும் ஒரே நாயிடம் சேர்ந்து வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைக் கருப்பைச் சீழ் என்றே வைத்துக்கொண்டு நாங்கள் வேலையைத் தொடங்குவோம். மருத்துவர்கள் இதைப் பயோமெட்ரா என்பார்கள். காரைக்குடி மருத்துவர் சரியான தடத்தில்தான் போகிறார்.

சொட்டுக்கூட வரவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதே அதுதான். கருப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும், வாலிலும் பின்னங்காலிலும் ஒட்டும், நாய் ஓயாமல் நக்கும், வீட்டாரும் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். வாய் மூடியிருந்தால் அத்தனையும் உள்ளேயே தேங்கும். சாதாரணமாகப் பென்சில் பருமன்கூட இல்லாத கருப்பைக் கொம்புகள், அதாவது கருப்பையின் இரு கிளைக் குழாய்கள், வாழைக்காய்ப் பருமனுக்கு உப்பிவிடும், சுவர் மெலிந்துகொண்டே போகும். மூடிய வகை நாய்களே அதிகம் நலிந்து, தாமதமாக எங்களிடம் வந்து சேர்பவை. ஆகவே வடிதல் இல்லாததை நல்ல அறிகுறியாகக் கொள்ள வேண்டாம்.

இது ஏன் பருவத்துக்குப் பிறகு வருகிறது என்பதை அப்பத்தாவுக்கு மாட்டை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். பசுவுக்குச் சினை பிடிக்காவிட்டால் ஏறத்தாழ 21 நாளில் மறுபடி பருவம் வந்துவிடும். அதன் உடல் அந்த முயற்சியைக் கைவிட்டு அடுத்ததைத் தொடங்கிவிடும். நாயின் உடல் அப்படி இல்லை. இணை சேர்ந்ததோ இல்லையோ, பருவம் முடிந்த பின் ஏறத்தாழ இரண்டு மாதம் வரை அதன் சூலகம் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரை (ஹார்மோனை)ச் சுரந்துகொண்டே இருக்கும். கருவைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட அந்த நீர், கருப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும், சுரப்பிகளைப் பெருக்கும், தசைச் சுருக்கத்தை அடக்கும், வாயை மூடும், அங்கே கிருமியை எதிர்க்கும் ஆற்றலையும் தணித்துவிடும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை இப்படி நடந்து நடந்து, வயது ஏற ஏற உள்சுவரில் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் நிலைத்துவிடுகின்றன. பருவ நாட்களில் வாய் திறந்திருக்கும்போது, நாயின் சொந்தக் குடலில் வாழும் ஈ கோலை போன்ற கிருமி மேலேறி உள்ளே போய்விட்டால், பிறகு வாய் மூடிக்கொண்ட வெதுவெதுப்பான இடத்தில் அது பெருகுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பருவம் முடிந்து இரண்டு வாரம் முதல் மூன்று மாதம் வரைக்குள் பெரும்பாலும் இந்நோய் தலைகாட்டுவது இதனால்தான். நாய் வளர்ப்பவர்கள் பருவம் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கும் இதுவே காரணம்.

தாகத்தின் கணக்கும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஈ கோலை வெளியிடும் நச்சு, சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலைச் சிறுநீரகத்திடமிருந்து பறித்துவிடுகிறது. உடலிலுள்ள நீர் நிற்காமல் வெளியே போகிறது. அதை ஈடுகட்டவே நாய் தண்ணீரைத் தேடி ஓடுகிறது. தரையில் சிறுநீர் கழிப்பதற்காக அதைக் கடிந்துகொள்ள வேண்டாம், தண்ணீர்த் தொட்டியை எடுத்து வைக்கவும் வேண்டாம். ஒரு நாய் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது நோய்க்குறி. உங்கள் நாய்க்கு அது இரண்டரை லிட்டர். தொட்டியை விட்டுவிட்டு, அளவு தெரிந்த ஒரு போணியில் ஊற்றி வைத்தால் மருத்துவரிடம் சரியான கணக்கைச் சொல்லலாம். சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் இதே தாகம் வரும் என்பதால், இரத்தத்தில் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், வெள்ளணு எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். நாய்க்கு வெள்ளணு சாதாரணமாக ஒரு மைக்ரோ லிட்டரில் 6,000 முதல் 17,000 வரை இருக்கும். இந்நோயில் 30,000-ஐத் தாண்டிப் போவதை அடிக்கடி பார்க்கலாம். காய்ச்சல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நச்சு ஏறிய நாயின் உடல் சில்லிட்டுப் போவதும் உண்டு, அது இன்னும் மோசமான நிலை.

உண்ணிக்காய்ச்சல் என்று சொன்னவர்மேல் எனக்குக் கோபமில்லை. நம் செம்மண் சீமையில் சோர்ந்து படுத்த நாய்க்கு முதலில் தோன்றும் காரணம் அதுதான், பத்தில் பல தடவை அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெண் நாய் என்றால் கடைசிப் பருவம் எப்போது என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஊசியை எடுத்திருக்க வேண்டும். அவர் கொடுத்த கிருமிக்கொல்லி இரத்தத்தில் பரவிய கிருமியைச் சற்று அடக்கியிருக்கும், அதனால்தான் தெளிவு தெரிந்தது. தேங்கிய சீழுக்குள் அந்த மருந்து போதுமான அளவில் சென்று சேராது. மூலம் அங்கேயே இருப்பதால் நாய் மறுபடி விழுந்துவிடும். வெறும் மாத்திரையால் இது குணமாகும் என்று யாரேனும் உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி அறுவை. சூலகங்கள் இரண்டையும் கருப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவதே முதன்மையான சிகிச்சை. நோயின் இருப்பிடமும் அதைத் தூண்டும் இயக்குநீரின் ஊற்றும் ஒரே நேரத்தில் போய்விடுவதால், உரிய நேரத்தில் செய்துவிட்டால் குணம் முழுமையாக இருக்கும். கொண்டு போனவுடன் மேசையில் ஏற்றிவிட மாட்டார்கள். சில மணி நேரம் நரம்பில் நீர் ஏற்றி, கிருமிக்கொல்லி ஊசி போட்டு, உடல் தேறிய பிறகே மயக்க மருந்து கொடுப்பார்கள். அந்தச் சில மணி நேரம் தேவையானது; அதைச் சில நாட்களாக நீட்டுவதுதான் ஆபத்து. உள்ளே கருப்பை கிழிந்து சீழ் வயிற்றறைக்குள் கொட்டிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அப்படிக் கிழியாத நிலையில் வந்து அறுவை செய்துகொண்ட நாய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நலமாக வீடு திரும்புகின்றன. ஏழு வயது, ராஜபாளையக் கலப்புக்கு ஒன்றும் முதுமை இல்லை. மயக்க மருந்தைத் தாங்குமா என்பதை வயது தீர்மானிப்பதில்லை. சிறுநீரகமும் இதயமும் நச்சின் அளவும் தீர்மானிக்கின்றன, இவை மூன்றில் நச்சு மட்டும் ஒவ்வொரு மணி நேரமும் கூடிக்கொண்டே போகும்.

அப்பத்தாவின் குட்டி வாதத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. சுவீடன் நாட்டு நாய்க் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், குட்டி போட்ட நாய்களுக்கு இந்நோய் ஓரளவு குறைவாகவே வந்திருக்கிறது. ஆயினும் அது முழுப் பாதுகாப்பு இல்லை; பல ஈற்றுக் கண்ட நாய்களிலும் நான் சீழ் எடுத்திருக்கிறேன். அதே நாட்டுக் கணக்கில், பத்து வயதை எட்டுவதற்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்கு இந்நோய் வந்திருந்தது. வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்யும் வழக்கம் அங்கே அப்போது குறைவு. நம் ஊரிலும் நிலைமை அதுதானே. குட்டி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், நாய் இளமையாகவும் நலமாகவும் இருக்கும்போதே அந்த அறுவையைச் செய்துகொண்டால், பிற்காலத்தில் நலிந்த உடலில் நள்ளிரவில் அதையே செய்ய வேண்டிய நிலை வராது.

காரைக்குடியில் அறுவை வசதி கிடைக்காவிட்டால் மதுரைக்கோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போகலாம். கிளம்பும் முன் தொலைபேசியில், கருப்பைச் சீழ் எனச் சந்தேகம், வாய் மூடிய வகை என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த இரண்டு தகவலும் வரிசையில் உங்களை முன்னால் கொண்டு வரும். போகும் வழியில் வயிற்றை அமுக்கிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான பாராசிட்டமால், டைக்குளோபினாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள்; ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தையும் ஈரலையும் அவை கெடுத்துவிடும்.

வேட்டைநாய் வளர்ப்பவர் (புதுவயல்) எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். மருத்துவர் ஐயா சொன்னதற்கு மாற்றுக் கருத்து எனக்கு இல்லை. ஆனாலும் மருந்தால் குணமாகவே ஆகாதா என்று கேட்டிருப்பதால், என் நாய்க்கு நடந்ததை எழுதுகிறேன்.

என்னிடம் இருந்த சிப்பிப்பாறைப் பெண் நாய்க்கு நான்கு வயதில் இந்நோய் வந்தது. அதற்கு வாய் திறந்த வகை. படுத்த இடமெல்லாம் காப்பி நிறத்தில் வடிந்தது, பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். சாப்பாடு மட்டும் குறையவில்லை, நடையும் தளரவில்லை. நல்ல வழியில் வந்த நாய், அதனிடம் ஒரு ஈற்றாவது எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையில், மருந்தில் பார்க்க முடியுமா என்று சென்னையில் ஒரு மருத்துவரிடம் கேட்டேன். இரத்தமும் ஸ்கேனும் பார்த்த பிறகே அவர் ஒப்புக்கொண்டார். அக்லெப்ரிஸ்டோன் என்ற ஊசி. புரோஜெஸ்டிரோன் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும் மருந்து என்று விளக்கினார். முதல் நாள், மறுநாள், எட்டாம் நாள், பதினைந்தாம் நாள் என்று போட வேண்டியிருந்தது, கூடவே கிருமிக்கொல்லி. இந்த ஊசி எல்லா மருந்துக் கடையிலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பொருள் இல்லை. விலையும் அறுவைக்குச் சளைத்ததாக இல்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு உள்ளே இருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கொட்டத் தொடங்கியது. கோணிச் சாக்கை விரித்து, நனைந்ததை எரித்து, பின்பக்கத்தை வெந்நீரில் கழுவி என்று வீட்டில் ஒருவர் அதற்கே இருக்க வேண்டும்.

குணமான நாயை அடுத்த பருவத்திலேயே சேர்த்துவிட வேண்டும், சும்மா விட்டால் திரும்பி வரும் என்று எச்சரித்தார். அப்படியே செய்தோம், குட்டிகளும் நலமாகப் பிறந்தன. அதற்கடுத்த பருவத்தில் சேர்க்காமல் விட்டோம், நோய் திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் முறை யோசிக்காமல் கருப்பையை எடுத்துவிட்டோம். ஆகவே என் கணக்கில் மருந்து என்பது குட்டி எடுப்பதற்காக வாங்கிய தவணை மட்டுமே. உங்கள் நாய்க்கு ஏழு வயது, குட்டி தேவையில்லை, வாய் வேறு மூடியிருக்கிறது. அந்தத் தவணைக்கு நீங்கள் செலவழிப்பதில் பொருளே இல்லை என்பது என் எண்ணம்.

மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. மாடு பருவத்துக்கு வருவதற்குப் போடும் ஊசியையே நாய்க்கும் போட்டுச் சீழை வெளியேற்றலாம் என்று சந்தையில் ஒருவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதில் உண்மை உண்டா?

தெருநாய்ச் சோறு (பள்ளத்தூர்) எழுதுகிறார்:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும், விஷயம் தொடர்புடையதால் கேட்கிறேன். நான் சோறு வைக்கும் தெரு நாய்களில் ஒன்றுக்கு, நல்ல இளவயதுதான், பின்பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் இரத்தம் சொட்டுகிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது, தண்ணீரும் வழக்கம்போலவே குடிக்கிறது. பருவம் நீடிக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு நாள் நீடிக்குமா? இன்னொரு நாய் குட்டி போட்டுச் சில நாட்கள் ஆகின்றன, அதற்குக் கரும்பச்சை நிறத்தில் வடிகிறது. இவையும் கருப்பைச் சீழ்தானா? இரண்டையும் பிடித்து வண்டியில் ஏற்றுவது பெரும்பாடு என்பதால், எதற்கு முதலில் அவசரப்பட வேண்டும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தேவகோட்டை) எழுதுகிறார்:

புதுவயல்காரருக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சந்தைப் பேச்சு நாயைக் கொன்றுவிடும். அவர் குறிப்பிடுவது குளோப்ரோஸ்டினால் என்னும் புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்து. கருப்பைத் தசையைச் சுருக்கி உள்ளிருப்பதை வெளித்தள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. வாய் திறந்த வகையில், மருத்துவமனையில் வைத்து, மிகச் சிறிய அளவில் அதைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் பசுவுக்கு ஒரு முறை போடும் அளவு 500 மைக்ரோ கிராம். நாய்க்கோ ஒரு கிலோ எடைக்கு ஒன்றிரண்டு மைக்ரோ கிராம் என்ற கணக்கில்தான் தொடங்குவோம். குப்பியிலிருந்து கண்ணளவில் உறிஞ்சிப் போடுபவர் இந்த வித்தியாசத்தைக் கையாள முடியாது. சரியான அளவிலேயே எச்சில் ஒழுகும், மூச்சிரைக்கும், வாந்தியும் கழிச்சலும் வரும். வாய் மூடிய நிலையில் போட்டால், வெளியேற வழியில்லாத சீழ் மெலிந்த சுவரைக் கிழித்துக்கொண்டு வயிற்றுக்குள் போகும். இன்னொன்று, இந்த மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் சேரும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது. மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழப் போடும் ஆக்சிடோசினையும் சிலர் இதற்குப் பரிந்துரைக்கிறார்கள். புரோஜெஸ்டிரோனின் ஆட்சியில் இருக்கும் கருப்பை அதற்குச் சரியாகப் பணியாது. வீண் முயற்சி, மூடிய வகையில் ஆபத்தும்கூட.

பருவமே வராமல் தள்ளிப்போடும் ஊசி ஒன்றும் நம் பக்கம் புழக்கத்தில் இருக்கிறது. காவலுக்கு நாய் வேண்டும், வாசலில் ஆண் நாய்க் கூட்டம் வேண்டாம் என்று, பூட்டிய பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்கள் அதை விரும்பிப் போடுகிறார்கள். அதிலிருப்பது புரோஜெஸ்டிரோனைப் போன்ற செயற்கை இயக்குநீர். அதாவது இந்நோய்க்கு அடித்தளம் போடும் பொருளையே நாம் காசு கொடுத்து ஏற்றுகிறோம். தவறிச் சேர்ந்துவிட்ட நாய்க்குக் கரு தங்காமலிருக்கப் போடும் ஈஸ்ட்ரோஜன் ஊசியும் அதே திசையில்தான் தள்ளும்.

பள்ளத்தூர் அம்மாவுக்கு: பெண் நாய்க்குப் பருவ இரத்தம் பொதுவாக ஒன்றரை வாரம் அளவுக்கு வரும், மூன்று வாரத்துக்குள் பருவமே அடங்கிவிடும். நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடும் தெரு நாய்க்கு வாரக்கணக்கில் இரத்தம் சொட்டினால், இணை சேர்க்கையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறப்புறுப்பின் உதட்டை விரித்துப் பார்த்தால் காலிபிளவர் பூப்போல இரத்தம் கசியும் சதை தெரியும். அதற்குக் கத்தி தேவையில்லை. வின்கிறிஸ்டின் என்னும் ஊசியை வாரம் ஒரு முறை சில வாரங்கள் நரம்பில் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். ஊசி நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை அழுகும் என்பதால் மருத்துவர் கையாலேயே போட வேண்டும்.

ஈன்ற நாய்க்குக் கரும்பச்சை வடிவது முதல் சில நாட்களில் இயல்பானதே. நஞ்சுக்கொடியிலுள்ள நிறப்பொருள்தான் அந்தப் பச்சை. அது மெல்லச் செம்பழுப்பாக மாறி, மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். தாய் சோறு தின்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் கவலை இல்லை. வடிதல் நாறத் தொடங்கி, காய்ச்சல் அடித்து, குட்டிகளை அண்டவிடாமல் தள்ளிப் படுத்தால், அது ஈற்றுக்குப் பின் வரும் கருப்பை அழற்சி. பயோமெட்ராவிலிருந்து வேறுபட்டது என்றாலும் அவசரத்தில் அதற்குக் குறைந்ததில்லை. நஞ்சுக்கொடி தங்கியிருக்கலாம், இறந்த குட்டி ஒன்று உள்ளே இருக்கலாம். அன்றைக்கே கொண்டு போங்கள். குட்டிகளுக்குப் புட்டிப் பால் கொடுக்கவும் ஏற்பாடு வேண்டும். இரண்டில் எது முதலில் என்றால், ஈன்ற நாயின் சோற்றுத் தட்டைக் கவனியுங்கள்: அது காலியாகிறது என்றால் மற்றதை முதலில் வண்டியில் ஏற்றலாம்.

இரண்டாங்கட்டு (கானாடுகாத்தான்) எழுதுகிறார்:

ஐயாவுக்கும் பதிலளித்த எல்லோருக்கும் மிக்க நன்றி. அன்று மாலையே ஸ்கேன் எடுத்தோம். கருப்பைக் கொம்புகள் இரண்டும் நீர் நிறைந்த கறுப்புக் குழாய்களாகத் திரையில் தெரிந்தன. கரு எதுவும் இல்லை. வெள்ளணு 38,000-ஐத் தாண்டியிருந்தது, யூரியா சற்றுக் கூடுதல், சர்க்கரை சரியாக இருந்தது. இரவு முழுவதும் நீர் ஏற்றி, மறுநாள் காலையில் அறுவை முடிந்தது. எடுத்த கருப்பையை ஒரு தட்டில் வைத்து மருத்துவர் எங்களை அழைத்துக் காட்டினார். அப்பத்தா பார்க்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கிட்டே வந்து நின்று, இதையா இத்தனை நாள் வயிற்றில் சுமந்துகொண்டு கிடந்தது என்று கேட்டுவிட்டு, மருத்துவரிடம் சாப்பாட்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பாவம் என்ற பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறது, ஆனால் பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. இட்லியும் தயிர்ச் சோறும் கொஞ்சம் சாப்பிட்டது. தையல் போட்ட இடத்தில் ஓரத்தில் இலேசான வீக்கம் தெரிகிறது, நாற்றமோ கசிவோ இல்லை. கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பை வைத்துக்கொண்டு தூண்களில் இடித்துக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல், அதைக் கழற்றிவிடு என்று அப்பத்தா சொல்கிறார். கழற்றலாமா? மருத்துவர் எழுதிக் கொடுத்த கிருமிக்கொல்லி மாத்திரையை நாய் தெளிந்த பிறகும் தொடர வேண்டுமா? இனி இதற்குப் பருவம் வருமா, இந்த நோய் மறுபடி வருமா என்பதையும் ஐயா சொன்னால் நல்லது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தேவகோட்டை) எழுதுகிறார்:

நல்ல செய்தி அம்மா. கூம்பைக் கழற்ற வேண்டாம். நாயின் நாக்கு ஒரே இரவில் தையலை அவிழ்த்துவிடும், பிறகு இந்த அறுவையை மறுபடி முதலிலிருந்து தைக்க வேண்டியிருக்கும். இடித்துக்கொள்வது உறுத்தலாக இருந்தால், பட்டாலையில் ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்துப் படுக்க வையுங்கள். படி ஏறுவதையும் திண்ணையிலிருந்து குதிப்பதையும் அது தடுக்கும். சாப்பிடும் நேரத்தில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கூம்பைக் கழற்றி மாட்டலாம். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை குளிப்பாட்ட வேண்டாம், மஞ்சளும் வேப்பெண்ணெயும் தையலில் தடவ வேண்டாம்.

ஓரத்தில் வரும் சிறு வீக்கம் சில நாட்களில் அமுங்கிவிடும். தொட்டால் சூடாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ, நாய் மறுபடி சோற்றை ஒதுக்கினாலோ, ஈறு வெளுத்துப்போனாலோ உடனே கொண்டு போங்கள். ஈறு வெளுப்பது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுங்கள், தெளிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்த வேண்டாம். சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரம் பிடிக்கலாம் என்பதால் தாகம் மெல்லத்தான் அடங்கும். தையல் பிரிக்கப் போகும்போது யூரியாவையும் கிரியாட்டினினையும் ஒரு முறை திரும்பப் பார்த்துவிடுங்கள்.

தயிர்ச் சோறு இருக்கட்டும், அத்துடன் உப்பும் காரமும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைச் சிறிது சிறிதாக, நாளுக்கு நான்கைந்து முறை கொடுங்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். செட்டிநாட்டுக் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறி இதற்கு ஆகாது என்பதை அப்பத்தாவிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

பருவம் இனி வராது. சூலகங்கள் இரண்டும் முழுமையாக எடுக்கப்பட்டிருந்தால் இந்நோயும் திரும்பாது. சூலகத்தின் துணுக்கு ஒன்று உள்ளே தங்கிவிட்டால் மட்டும், எஞ்சிய கருப்பைக் காம்பில் சீழ் கட்டுவது அரிதாக நடக்கும். ஆறேழு மாதம் கழித்து ஆண் நாய்கள் வாசலைச் சுற்றத் தொடங்கினாலோ, பிறப்புறுப்பு வீங்கினாலோ, அதே மருத்துவரிடம் காட்டுங்கள். முலைகளை மாதம் ஒரு முறை விரலால் நீவிக் கட்டி ஏதேனும் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்; ஏழு வயதில் செய்த அறுவை முலைக் கட்டியைத் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை.